ரயில் நில்லாத கடலோரம்

பஸ்ஸை மறிக்க அண்ணன் கை நீட்டிய அந்த வளைவு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் இடுப்பளவு கட்டுச்சுவர். அதற்கு அப்பால் எலுமிச்சைத் தோட்டங்கள் நம் தேயிலை மலைகளைப் போலவே படிப்படியாக இறங்கின. எல்லாவற்றுக்கும் கீழே கடல். தெற்கு இத்தாலியின் ஆகஸ்ட் வெயிலில், கர்ப்பிணியான என் மகள் பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எங்கள் மலைநாட்டுப் புசல்லாவை ரோட்டில் நிற்பதைப் போல ஒரு காலைத் தார் ரோட்டில் வைத்து, கையை நீட்டி, உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினார். பஸ் வந்தது. சாரதி எங்களை நன்றாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

"நிப்பாட்டாமப் போறான் பாரு!"

"மாமா, பஸ் ஹோல்ட் இருக்கிற எடத்துல மட்டும்தான் நிப்பாட்டுவாங்க. டிக்கெட்டும் மொதல்லயே கடையில வாங்கி வச்சிருக்கணும்" என்றாள் மகள்.

"அப்புறம் எதுக்குடி அதுக்கு பஸ்ஸுன்னு பேரு?"

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டியில் இருந்துகொண்டு மாதக்கணக்காக நான் எதைச் சொல்லிச் சொல்லிச் சலித்தேனோ, அதுவே அந்த வளைவில் என் கண் முன்னால் நின்றது.

மகள் கல்யாணமாகி இத்தாலியின் வடக்கே ஒரு நகரத்தில் இருக்கிறாள். அண்ணன் அதற்குப் பல வருடங்கள் முன்பே போய், தெற்கே சலேர்னோ என்ற துறைமுக நகரத்தில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில், அந்த அம்மாவின் வீட்டிலேயே தங்கியிருந்தார். மகள் பிள்ளைத்தாய்ச்சியானதும் நான் பாடசாலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. மருமகனுக்கு அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை. எனவே நாங்கள் இருவரும் தெற்கே இறங்கி, அண்ணனோடு கடற்கரை ஊர் ஒன்றில் கொஞ்ச நாள் இருப்பது என்று முடிவாயிற்று. எங்களில் யாருக்கும் கார் இல்லை. ஓட்டவும் தெரியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் நான் ஊர் தேடினேன்.

ஹந்தானை ரோட்டில் உள்ள எங்கள் வீட்டில், விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். த்ரொப்பேயாவில் ரயில் நிற்கிறது; ஆனால் ஊர் பாறை உச்சியில், கடலுக்குப் படியிறங்கிப் போக வேண்டும். மொனோபொலி சமதரை, ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஆனால் அண்ணன் இருக்கும் கரைக்கு நேர் எதிர்க் கரை. படங்களில் எல்லாரும் வாய் பிளக்கும் பொசித்தானோவில் ரயிலே கிடையாது. வீதியை விடப் படிகள்தான் அதிகம். கடைசியில் சலேர்னோவே சரி என்று தோன்றியது. ரயில், படகு, பெரிய வைத்தியசாலை, நடக்கத் தோதான கடற்கரைச் சாலை எல்லாம் ஓரிடத்தில். அண்ணனும் பக்கத்தில்.

அண்ணன் ஒரே போடாகப் போட்டார். "லீவுக்கு வந்தும் டவுன்லயா கெடக்கணும்? மேல ஒரு கிராமம் பாத்து வச்சிருக்கேன். காத்து சும்மா நுவரெலியா மாதிரி ஜில்லுன்னு இருக்கும்."

"ரயில் இல்லியேண்ணே. பிள்ளத்தாச்சி புள்ளயக் கூட்டிக்கிட்டு எப்பிடி?"

"மெயின் ரோடு போகுதுல்ல? ரோடு போனா பஸ் போகும். நம்ம என்னா ரயில்லயா வளந்தோம்?"

அவருடைய கணக்கு முழுக்க மலைநாட்டுக் கணக்கு. மடுல்கெல்லையிலோ புசல்லாவையிலோ ரோட்டோரத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டால் போதும். கையைக் காட்டினால் பஸ் நிற்கும். கைக்குழந்தையோடு நின்றால் இன்னும் சீக்கிரம் நிற்கும். நடத்துநரே இறங்கி மூட்டையைத் தூக்கி வைப்பார். இத்தனை வருடம் அந்த நாட்டில் இருந்தும், சந்தைக்கும் கடைக்கும் நடந்தே போய் வந்த மனிதருக்கு அந்த மலை பஸ்ஸைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

நான் விடாமல் சண்டை பிடித்தேன். ஆனால் என் மகளின் காதுகுத்துக்கு அவளை மடியில் வைத்திருந்தவர் அவர். அவளை முதல் முதல் இத்தாலிக்கு அழைத்தவரும் அவர். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் ஒன்றை முடிவு செய்த பிறகு மற்றவர்கள் பேசுவது வெறும் சத்தம்தான். மகளும், "விடுங்கம்மா, மாமா ஆசப்படுறாரு" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

காற்று, காட்சி என்று அவர் சொன்னதெல்லாம் சாக்கு. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சுனாமி வந்த காலையில் அண்ணன் நம் நாட்டின் தெற்குக் கரையோரம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலையில் இருந்தார். வேறு யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, லொறிகளில் தொற்றிக்கொண்டு ஹந்தானைக்கு வந்து சேர்ந்தார். கூட வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கண்டி வாவியைச் சுற்றி நடக்கும்போதும் அவர் தண்ணீர்ப் பக்கம் எங்களை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கமாகவே வருவார். அப்படிப்பட்டவர், பிள்ளைத்தாய்ச்சியான மருமகளைக் கடல் மட்டத்தில் தூங்க விடுவாரா? அதைச் சொல்லிவிட்டால் வேறு வழி யோசித்திருக்கலாம். அவர் காற்றைப் பற்றியே பேசினார். நானும் ரயிலைப் பற்றியே பேசினேன்.

கிராமம் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகே எனக்கு எரிச்சலாக இருந்தது. ரொட்டிக் கடைக்குப் படி. மருந்துக் கடைக்கு அதைவிட அதிகப் படி. பஸ் வரும் நேரத்தை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருந்தார்கள். வந்த நேரம் அதோடு ஒத்துப்போனதை நான் பார்க்கவில்லை. மகள் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து தூரத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்கத்தான் வந்தோம், பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் நடுவில் அந்த நாட்டுக்கு ஒரு பெரிய விடுமுறை நாள் வரும். அன்று காலை மகள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரத்தம் பட்டிருந்தது. கொஞ்சம்தான். தொலைபேசியில் பேசிய டாக்டர், பயப்படாதீர்கள், ஆனால் தாமதிக்காமல் சலேர்னோவுக்கு வாருங்கள் என்றார். விடுமுறை என்பதால் பஸ் குறைவு. வந்த ஒன்றும் நிரம்பி வழிந்து, ஹோல்ட்டில் நின்ற எங்களை ஏற்றாமலே போனது. டாக்சிக்காரர் யாரும் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கேட்டபோது, கீழ்ச் சாலை முழுக்க வாகனம், மேலே வந்து சேர நேரமாகும், கீழே படகுத் துறைக்கு இறங்க முடிந்தால் அதுவே வேகம் என்றார்கள்.

நான் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை. "ரோடு போகுது, ரோடு போகுதுன்னீங்களே! எங்கண்ணே ஒங்க ரோடு?"

அவர் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரரிடம் எலுமிச்சை ஏற்றும் மூன்று சக்கரச் சின்ன லொறி ஒன்று இருந்தது. நம் ஊர் த்ரீவீலருக்குப் பின்னால் பெட்டி கட்டியது போல. மகளை முன்னால் ஏற்றி, நாங்கள் இருவரும் பின்னால் பழக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். நின்றுபோன கார்களுக்கும் சுவருக்கும் இடையில் அது புகுந்து புகுந்து இறங்கியது. படகுத் துறைக்கு வந்ததும் நான் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கரையில் நின்றார். முகம் சாம்பலாக இருந்தது. இவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். அவர் போய் மூவருக்கும் டிக்கெட் எடுத்து வந்தார்.

படகில் ஆசனங்களின் நடு வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்கத் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. படகு ஒரு அலையில் ஏறி இறங்கியபோது மகள் சொன்னாள்: "மாமா, கையை ஒடைச்சிராதீங்க. வலி எனக்கா, ஒங்களுக்கா?"

"பேசாம இரு புள்ள" என்றார். பிடியைத் தளர்த்தவில்லை.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஓய்வு வேண்டும், படி ஏறக்கூடாது, வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நாள் இருங்கள் என்றார்கள். அண்ணனே வீடு தேடினார். விடுமுறைக் கூட்டத்தில் கிடைத்தது கடற்கரைச் சாலையில் தரைமட்டத்தில் ஒரே ஓர் அறை. சாவியைத் தந்துவிட்டு என்னை மட்டும் வெளியே அழைத்தார். பொது நடைவழியால் போய், கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டைக் காட்டினார். மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மூச்சு வாங்கிற்று.

"ஏதாவது ஒண்ணுன்னா கடலப் பாத்துக்கிட்டு நிக்காத. புள்ளயக் கூட்டிக்கிட்டு நேரா இதுல ஏறிரு. மொட்டமாடிக் கதவு தெறந்துதான் இருக்கு."

"மாசக்கணக்கா சண்ட புடிச்சேனேண்ணே. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீயும் பயந்திருப்ப."

அவ்வளவுதான். ஒவ்வொரு மாலையும் மூதாட்டிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். வாசலில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டாமல் பேசுவார்.

பேத்தி பிறந்ததைப் பார்த்தார், தூக்கினார். போன மாரிக் காலத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. தொலைபேசியில் சொன்னார்கள். உடல் கண்டிக்கு வந்து, மஹியாவை மயானத்தில் எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகையை விட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. இப்படிப் பிடிவாதம் பிடிக்கும் மனிதரோடு நாற்பது வருடமாக வாதாடியவளுக்குத் திடீரென்று எதிரில் யாரும் இல்லை.

நேற்று மகள் வீடியோவில் வந்தாள். இந்தக் கோடையில் குழந்தைக்குக் கடலைக் காட்ட வேண்டுமாம். இன்னும் கார் வாங்கவில்லை. "இந்தத் தடவ நீங்களே ஊரச் சொல்லுங்கம்மா" என்றாள். நான் உடனே மொனோபொலி என்றேன். ரயில் நிற்கும், சமதரை, டாக்டர் உண்டு. அவள் இரண்டு வீடுகளின் படங்களை அனுப்பினாள். ஒன்று தரைமட்டம், கதவைத் திறந்தால் மணல். மற்றது மூன்றாம் மாடி. கடல் ஒரு கீற்றாகத் தெரிகிறது.

"மொதல் வீடுதானேம்மா? தள்ளுவண்டிக்கும் லேசு" என்றாள்.

"மூணாம் மாடியப் பாரு" என்றேன்.

அவள் திரையில் என்னை உற்றுப் பார்த்தாள். "காத்து நல்லா இருக்கும்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அதான்."

அவள் சிரிக்கவில்லை. லிப்ட் இருக்கிறதா என்று கேட்டு வீட்டுக்காரருக்கு எழுதினாள். இன்று காலை பதில் வந்திருக்கிறது. லிப்ட் இருக்கிறதாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாமாம். அண்ணனும் நானும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய வீடு அந்த நாட்டில் இருக்கத்தான் செய்தது.