எல்லைக்கல் வரை வந்த மருந்து

கொரோனா வந்த சமயம் ஊசி போட்டுக்கொள்ள என்னையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஊசி போடுகிற பெண்ணிடம், "இது எந்த ஊர் மருந்தும்மா?" என்று கேட்டேன்.

"நம்ம நாட்டு மருந்துதான் பாட்டி. வெளிநாட்டுக்கெல்லாம் நாமதான் அனுப்பறோம்" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்றவர், "அனுப்பறத நிறுத்திட்டாங்களே, தெரியாதா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "மொதல்ல நம்ம ஜனத்துக்குப் போடட்டும்" என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. யார் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தக் குழப்பம் எனக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதில் இதற்கு நடுவிலேயே ஒருநாள் நின்றிருக்கிறேன். இடுப்பில் இருக்கவேண்டிய பிள்ளை இல்லாமல் நின்றேன்.

ஓசூரைத் தாண்டி, மைசூர் எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்போது கர்நாடகம் என்று யாரும் சொல்லமாட்டோம். அந்தப் பக்கம் மைசூர், இந்தப் பக்கம் மெட்ராஸ், அவ்வளவுதான். எல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கேழ்வரகுக் காட்டு ஓரத்தில் ஒரு கல். கல்லுக்கு அந்தாண்டை இருந்த ஊரில்தான் என் அக்காவைக் கொடுத்திருந்தது. இங்கிருந்து கத்திக் கூப்பிட்டால் அவள் அங்கிருந்து பதில் சொல்வாள். என் வீட்டுக்காரருக்குக் கல் உடைக்கிற வேலை. ஊரில் நாங்கள் நாலைந்து குடும்பம் கிறிஸ்து வேதக்காரர்கள்.

அந்த வருஷம் என் மூத்த மகனுக்குப் பெரியம்மை போட்டது. முன்பு அவனுக்கு அம்மை குத்தாமல் இல்லை. குத்தினார்கள். ஐஸ் எல்லாம் கரைந்து, கதகதவென்று வந்து சேர்ந்த மருந்து அது. குத்தின இடம் எழும்பவே இல்லை, மருந்து பிடிக்கவில்லை. இளையவள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு எதுவும் குத்தியிருக்கவில்லை. பெரியவன் முகத்தில் முதல் முத்து தெரிந்த அன்றே அவளைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்கு ஓடினேன்.

அக்காவுக்கும் பால் குடிக்கிற பிள்ளை இருந்தது. என் மகளை வாங்கி மறு இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அழாத மே. ஆளுக்கு ஒரு பக்கம் குடிச்சிட்டுப் போவட்டும். எனக்கென்ன, மாடா கட்டிக் கறக்கப்போறேன்?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் போய்ப் பார்க்க முடியாது. அம்மை கண்ட வீட்டார், தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. வேதக்காரர்களும் அதை மீறமாட்டோம். என் மாமியார் கொள்ளைநோய்க்குக் காவலான, அம்பு தைத்த புனிதர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவார், வாசலில் வேப்பிலையும் செருகுவார். "யாரு வந்து கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கணுமில்ல" என்பார்.

மகன் பிழைத்தான். முத்து வறண்டு பொருக்கு உதிர ஆரம்பித்தது. அதைக் கண்ட இடத்தில் போடமாட்டோம். வேப்பிலையில் சேர்த்து வைத்திருந்து, கடைசித் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்குக் குழி தோண்டிப் புதைப்போம். அப்படி முறத்தில் சேர்ந்திருந்தபோதுதான் ஜீப் வந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஒரு வெள்ளைக்கார டாக்டரும் இறங்கினார்கள். எந்த தேசத்து டாக்டர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் குனிந்து வாசலுக்குள் வந்து, மண் தரையில் சப்பணம் போட முடியாமல் ஒருமாதிரி உட்கார்ந்து, என் மகன் கன்னத்தைக் கையால் தொட்டார். தெருவில் ஒருவரும் அதுவரை தொட்டதில்லை.

"பொருக்கு கொஞ்சம் வேணுமாம், இந்த டாக்டருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்குங்க?"

"அவங்க ஊருக்கு அனுப்பறதுக்கு."

மாமியார் உள்ளே இருந்தே, "நல்லா இருக்கே! ஊருக்குப் பலகாரம் அனுப்புவாங்க, பாத்திருக்கேன். இவரு எம்பேரன் மேல உதிர்ந்தத அனுப்புறாராம்" என்றார்.

நான் முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "குடுத்தா எங்களுக்கு என்ன தருவாங்கன்னு கேளுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கிவிட்டது. நான் விடவில்லை. "கேளுங்க சார். அவரு வாய்ல சொல்லட்டும்."

இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "ஊருக்கே மருந்து வருமாம். ஐஸ் வேண்டாத மருந்து, வெயில்ல கெடாதாம். பொருக்கப் பாத்துட்டு சேதியும் அனுப்புவாராம்" என்றார் இன்ஸ்பெக்டர். முறத்தை முன்னால் நகர்த்தினேன். டாக்டர் ஒரு சின்ன இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அது உறைமோர் மாதிரிதான் பட்டது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கொடுத்தால் அவர்கள் வீட்டில் ஒரு சட்டி தயிர் ஆகிறது. நாளைக்கு நம் வீட்டில் இல்லையென்றால் அங்கே போய் உரிமையாகக் கேட்கலாம். என் பிள்ளையிடமிருந்து போனதைக் கொண்டு எங்கேயோ மருந்தாக்கி, அதில் நமக்கும் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். இந்த உறைமோர்க் கதையை இங்கிருந்தே கத்தி அக்காவுக்கும் சொன்னேன்.

மருந்து வரத்தான் செய்தது. ஜீப்பும் டாக்டரும் வரவில்லை. அம்மை குத்துகிறவர் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். ஊரே நின்று குத்திக்கொண்டது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அம்மை இறங்கவில்லை. மகளுக்குக் குத்தாமல் அவளை வீட்டுக்கு அழைத்துவர முடியாது. எனக்கோ பால் கட்டி, வலித்து, வற்றத் தொடங்கியிருந்தது.

"கொழந்த அக்கா வீட்ல இருக்கு சார். நான் அங்க போவக்கூடாது. நீங்க வந்து குத்துங்க" என்றேன்.

"கல்லு வரைக்கும் வர்றேன். கல்லுக்கு அந்தாண்ட குத்தினா என் வேல போயிடும். அது மைசூர் ஆளுங்க பாக்கவேண்டியது" என்றார்.

கல்லருகே நின்று குரல் கொடுத்தேன். அக்கா வந்தாள். ஒரு இடுப்பில் என் மகள், மறு இடுப்பில் அவள் பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெரிய மகன். அவள் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக வந்தார்கள். மருந்து வந்த சேதி எப்படியோ போயிருந்தது. என் மகள் என்னைப் பார்த்து அழவில்லை, சிரிக்கவும் இல்லை. யாரோ என்பதுபோலப் பார்த்தாள்.

அவர் திருகு ஊசியை எடுத்து அவள் கையில் இரண்டு இடத்தில் அழுத்தித் திருகினார். வீறிட்டாள். "சரி, முடிஞ்சுது" என்று பையைக் கட்டப்போனார்.

"அக்கா புள்ளைங்களுக்கு?" என்றேன்.

"அவங்க அந்த ஊர்."

"எம்பொண்ணு இத்தன நாளு குடிச்சது அந்த ஊர்ப் பாலு சார்."

"பாலு குடுத்தா மெட்ராஸ் ஆயிடுவாங்களா?"

"அம்மை மட்டும் கல்லப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுமா?"

அக்கா, "விடுடி" என்று முணுமுணுத்தாள். நான் விடுகிற ஆளா? "எம்புள்ள குடுத்த பொருக்குல ஆன மருந்து. யாருக்குக் குத்தணும்னு நானும் ஒரு வார்த்த சொல்லலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏம்மா, உன் பையன் பொருக்குல இதச் செய்யல. இது மாட்டுல செய்யறது. அதுவும் அந்த டாக்டர் தேசத்து மருந்தே இல்ல. இது வேற தேசம். ரெண்டு தேசத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது." கண்ணாடிப் புட்டியைக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அது எந்த எழுத்திலும் சேரவில்லை. "எனக்கும் படிக்கத் தெரியாதும்மா, வெக்கப்படாத" என்றார்.

"அப்ப எம்புள்ளயோடத எதுக்கு எடுத்துட்டுப் போனாங்க?"

"பாக்கறதுக்கு. எந்த மாதிரி அம்மைன்னு."

"அவங்க ஊர்ல அம்மை இருக்குதா?"

"எப்பவோ ஒழிஞ்சுபோச்சு. திரும்ப அங்க வந்துடக்கூடாதில்ல? இங்க ஒழிஞ்சாத்தான் அங்க நிம்மதி."

"அப்ப இந்த மருந்து எங்களுக்கா, அவங்களுக்கா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும்னு வெச்சுக்கோயேன்."

வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். பொருக்கு ஒரு தேசத்துக்குப் போகிறது. மருந்து வேறொரு தேசத்திலிருந்து வருகிறது. அம்மை இல்லாதவர்களுக்குப் பயம், அம்மை இருக்கிறவர்களிடம் மருந்து இல்லை. அத்தனை கடல் தாண்டி வந்தது இந்தக் கல்லைத் தாண்டாதாம். எங்கே பிடித்து இழுத்தாலும் வேறொரு இடத்தில் முடிச்சு விழுந்தது.

"அந்தக் கலக்கின மருந்துல மிச்சம் இருக்கே, அத என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"கலக்கினா அன்னிக்கே தீக்கணும். மிச்சத்த ஊத்திடுவோம்."

"மண்ணுல ஊத்தறத எங்கக்கா புள்ள கையில ஊத்துங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அக்காவின் பெரிய மகனைக் கையைப் பிடித்து இழுத்து, கல்லுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். "இப்ப மெட்ராஸ்" என்றேன். அந்தப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குத்தினார். சின்னவனுக்கும் குத்தினார். பிறகு வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் கல்லைத் தாண்டி வந்து கையை நீட்டினார்கள்.

ஒரு பெண் தன் மகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றபோது அவர் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். சொட்டு இல்லை.

"நமகில்வா?" என்றாள் அவள். எங்களுக்கு இல்லையா என்று கேட்டாள். அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

பையில் உடைக்காத புட்டிகள் இருந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். "அது தொரப்பள்ளிக்கு. நாளைக்குப் போவணும்" என்றார். கேட்டால் தொரப்பள்ளியில் ஏதோ ஒரு பிள்ளைக்குக் குறையும். கேட்காவிட்டால் இவளுக்கு இல்லை. யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் சைக்கிள் ஏறிவிட்டார். அந்தப் பெண் மகளின் சட்டைக் கையை இறக்கிவிடாமலே, அவளையும் அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள்.

என் மகளுக்குக் குத்தின இடம் நன்றாக எழும்பிப் பழுத்தது. கடைசித் தண்ணீரும் ஊற்றியானதும் அவளை வாங்கப் போனேன். அக்கா ஊருக்குள் கூப்பிடவில்லை. கல்லுக்கே கொண்டுவந்தாள்.

"அந்தப் பொம்பள என்கூட கெணத்துக்கு வர்றதில்ல. இன்னும் ரெண்டு பேரும் அப்படித்தான். நீ கேட்டது சரிடி. ஆனா நான் இல்ல அங்க வாழணும்" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கா. முந்தாநாள் மைசூர் ஆளுங்க வந்து எல்லாருக்கும் குத்திட்டாங்க." என் மகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அதே புட்டிதாண்டி. அதே படிக்க முடியாத எழுத்து."

நான் கல்லைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "அதே மருந்துதான்னா அன்னைக்கு ஏன் இங்கயே நின்னுது?"

"என்னக் கேட்டா? நீதான உறை குடுத்தவ" என்று சொல்லி, என் மகளைக் கல்லுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள். மகள் அவள் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பொருக்கு எடுத்துப்போன டாக்டரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.