மைனஸில் நிறைந்த தொட்டி

நேற்று போர்ட் பிளேர் லம்பா லைனில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் நின்றேன். கடைக்காரர் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகை வாசனையில் பழைய ஞாபகம் வரும். எனக்கு ஈயப் புகையில் கார்த்திக் ஞாபகம் வரும். அவன் பெயரை வாயால் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பிரஷர் ஏறுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாங்கிளாஸ். தெற்கே ஒரு குட்டித் தீவில், ஹட் பே பாமாயில் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறி வந்து, ரேடியோ பிரித்து, டிவி பிரித்து, கடைசியில் கம்ப்யூட்டரையும் பிரித்துப் படித்தேன். புரோகிராம் எழுத யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டி மோதிக் கற்றேன். என் அளவுக்குத் தெரிந்த ஆள் அன்று இந்தத் தீவில் எத்தனை பேர்? விரலை மடக்கவே வேண்டாம், நான் ஒருத்தன்தான்.

ஒரு விஷயம் சொல்கிறேன், பயப்படாமல் கேளுங்கள். நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றியதை அப்படியே காட்டு என்றால் காட்டும். பார்த்தால் கட்டளைகளின் வாலில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பி என்றால் ஒரு பைட், டபிள்யூ இரண்டு, எல் நான்கு, க்யூ எட்டு. எண்ணை வைக்க எவ்வளவு இடம் என்று சொல்கிற எழுத்து அது. இரண்டு பைட்டுக்குப் பெயர் 'வேர்ட்'. இந்த வம்சத்தின் முதல் மெஷின்கள் ஒரே மூச்சில் இரண்டு பைட்தான் தூக்கின, அதனால் வந்த பெயர். பிறகு மெஷின் எட்டு பைட் தூக்குகிற அளவுக்கு வளர்ந்தது, பெயர் வளரவில்லை. நான்குக்கு டபுள் வேர்ட், எட்டுக்கு குவாட் வேர்ட் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். டவுசர் போட்ட வயதில் வைத்த பட்டப்பெயரை, தலை நரைத்த பிறகும் கூப்பிடுகிற மாதிரி.

என்னை அப்படிக் கூப்பிட்டவன் மருதை. நான் லம்பா லைனில் போர்டு மாட்டிக் கடை வைத்த பிறகும் அவனுக்கு நான் 'சுண்டெலி'தான். ஹட் பேயில் எங்கள் பக்கத்து வீடு. அவன் அப்பாவும் என் அப்பாவும் சிலோன் தேயிலை மலையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். வண்டூர் ரோட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் அவனைப் பம்ப் ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டதே நான்தான். சம்பளத்தோடு குவார்ட்டர்ஸ். ஒரே அறை, தகரக் கூரை, பின்னால் முருங்கை. அவனும் பெண்டாட்டியும் மகளும் அதில் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும்.

பேக்டரிக்குப் பின்னால் மேட்டில் புதிதாக நாற்பதாயிரம் லிட்டர் தொட்டி கட்டினார்கள். அளவு பார்த்து, நிறைந்ததும் பம்பை நிறுத்துகிற புரோகிராம் நான் எழுதியது. லிட்டர் எண்ணுக்கு நான்கு பைட். ஒரு வருஷம் ஒரு சொட்டு வழியவில்லை. அடுத்த கோடையில் இடி விழுந்து, புரோகிராம் ஓடுகிற போர்டு கருகியது. மெயின்லேண்டிலிருந்து புதுசு வரவேண்டும். கப்பல் கேன்சல். புயல் எச்சரிக்கை. இங்கே எது உடைந்தாலும் அதுதானே கதை! கையில் இருக்கிறதைப் போட்டு ஓட்டு, கப்பல் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் தீவின் வேலைமுறை. தொட்டி கட்டின கான்ட்ராக்டரிடம் சென்னையிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் கார்த்திக், கோடவுனில் தூசி படிந்து கிடந்த பழைய போர்டை எடுத்தான். இரண்டு பைட் காலத்துப் போர்டு. என் புரோகிராமையே அந்தப் போர்டின் கம்பைலரில் போட்டு ஏற்றிவிட்டான். அந்தக் கம்பைலர் எண்ணுக்கு இரண்டு பைட்தான் ஒதுக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மைனஸுக்கும் இடம் விட்டால், இரண்டு பைட்டில் அடங்குகிற பெரிய எண் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. அதற்கு மேல் ஒரு லிட்டர் சேர்ந்தால் எண் அந்தப் பக்கமாகச் சுற்றி மைனஸ் முப்பத்திரண்டாயிரத்தில் போய் விழும். விழுந்தது. தொட்டி காலி என்று நினைத்துப் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. மருதை டிஸ்ப்ளேயில் மைனஸைப் பார்த்தான். தொட்டி எங்கோ ஒழுகுகிறது, ஐஸ் கெட்டுவிடும் என்று பதறி, மேட்டுக்கு ஏறிப் பார்க்காமல் இரண்டாவது போர்வெல் பம்பையும் கையாலேயே போட்டுவிட்டான்.

மதிய வெயிலில் தண்ணீர் மேட்டிலிருந்து ஓடைபோல இறங்கியது. கீழே ஊரில் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. நான் ஸ்கூட்டரில் போய் இறங்கும்போது பெண்கள் காலிக் குடத்தோடு கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். "பானி பேக்தா ஹை! இதர் பச்சா லோக் பியாசா ஹை!" என்று ஒரு பெங்காலி அம்மாள் கத்தினாள், தண்ணீரைக் கொட்டுகிறீர்கள், இங்கே பிள்ளைகள் தாகத்தில் தவிக்கின்றன என்று. முதலாளி ராமநாதபுரத்துக்காரர், கோபம் வந்தால் ஹிந்தி வந்துவிடும். "நிகல் ஜா! இன்னிக்கே வீட்டக் காலி பண்ணு!" என்று மருதையைப் பிடித்துத் தள்ளினார்.

மருதை என்னிடம் ஓடிவந்தான். "மைனஸ்னு காட்டிச்சு. நீ செஞ்ச மெஷின் பொய் சொல்லாதுன்னு நம்பித்தானே போட்டேன்? நீயே சொல்லுடா!"

நான் நேராகக் கார்த்திக்கிடம் போனேன். போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தவன், அந்தப் புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து சிரித்தான். "அண்ணே, புரோகிராம் உங்களோடது. ஒரு எழுத்துகூட நான் மாத்தல. அது சரி, நீங்க எந்த காலேஜ்?"

அந்தச் சிரிப்பு. சாகும்வரை மறக்கமாட்டேன். அவன் லேப்டாப்பைப் பிடுங்கி, இரண்டு கம்பைலர் தந்த கட்டளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். "இங்க பாருடா, என்னோடதுல வால்ல எல். உன்னோடதுல டபிள்யூ. அண்டாத் தண்ணிய சொம்புல ஊத்திட்டு, ஒரு எழுத்தும் மாத்தலங்கிறியா? காலேஜ்ல இதுக்குத்தான் காசு கட்டினியா?" முதலாளி பார்க்க, ஊர் பார்க்க, அரை மணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டேன். கடைசியில் கார்த்திக், "தெரியும்ணே. கப்பல் வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்" என்று முனகினான். முதலாளியும் ஒத்துக்கொண்டார், புரோகிராமில் தப்பில்லை என்று. நான் ஜெயித்தேன்.

அப்புறம் முதலாளி கேட்டார், "சரி, ரெண்டாவது பம்ப்ப எந்தக் கம்பைலர் போட்டுச்சு?"

கேட்டில் பெண்கள் இன்னும் நின்றார்கள். முதலாளிக்கு யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். எனக்குக் கார்த்திக்கை இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மருதையின் பெண்டாட்டி கட்டிலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஹட் பே கப்பலுக்கு வழியனுப்பப் போனேன். மருதை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். "உன் புரோகிராம் சரின்னு அம்புட்டு பேருக்கும் வெளங்க வச்சிட்ட. கெட்டிக்காரந்தான்," என்றான். "என்னப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சா ஒன் வாயில?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெஷின் பொய் சொன்னது என்று நிரூபித்ததே இவனுக்காகவும்தானே? அதைச் சொன்னேன், சத்தமாகவே. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

இப்போது ஐஸ் பேக்டரி இல்லை. அந்த இடத்தில் டூரிஸ்ட் வேன்கள் நிற்கின்றன. தொட்டியை இடித்துக் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி செத்துப்போனார். கார்த்திக் மெயின்லேண்டில் எங்கேயோ இருக்கிறான், இருக்கட்டும். போன வருஷம் ஹட் பே போய் மருதையைக் கேட்டேன். மகளோடு கப்பல் ஏறிப் போய் ரொம்ப நாளாகிறது, எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அன்றைக்கு அந்தத் தகராறில் யார் சொன்னது சரி என்று தெரிந்த ஆள், இந்தத் தீவில் இப்போது நான் ஒருத்தன்தான்.