முதலாளி கொடுத்த தோல் நாற்காலி

சாத்தூர் பைபாஸ் ரோட்டுல பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிற கடை என்னோடது. எனக்குத் தெரிஞ்சது ரெக்சின்தான். நிஜத் தோலைத் தொட்டுத் தைச்சது ஒரே ஒரு தடவை. அந்த வயித்தெரிச்சலைத்தான் சொல்றேன்.

எங்க அப்பா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருந்தாரு. பெரிய முதலாளி ஆபீஸ் ரூமை இடிச்சுக் கட்டினப்ப, மத்தியானம் தான் சாஞ்சு கிடக்கிற பழைய நாற்காலியை, "நீ வச்சுக்கோ"ன்னு அப்பாகிட்ட தள்ளி விட்டுட்டாரு. அறுபதுகள்ல மெட்ராஸ்ல வாங்கியாந்ததாம். வளைச்ச பலகை, கருப்புத் தோல் மெத்தை, சுத்துற அலுமினியக் கால், காலை நீட்டத் தனியா ஒரு மெத்தை ஸ்டூல். எங்க முன் ரூம்ல பாதி அதுக்கே போச்சு. அப்பா அதுல ஒரு நாளும் உக்காந்ததில்லை. பக்கத்துல தரையில உக்காந்துதான் சாப்பிடுவாரு. ஆயுத பூஜைக்கு அதுக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, தேங்கா எண்ணெய் போட்டுத் துடைப்பாரு. சாமியாம்! நாங்க யாராச்சும் அதுல உக்காந்தா தொலைஞ்சோம்.

வெடிமருந்துத் தூசியிலேயே கிடந்த அப்பா நெஞ்சு, வேலையை விட்டதும் அடைச்சுக்கிச்சு. படுத்தா மூச்சு முட்டும். "படுக்க வைக்காதீங்க, சாஞ்ச வாக்குல வைங்க"ன்னாரு டாக்டர். தலகாணியை அடுக்கி வச்சா சரிஞ்சு விழுந்துடுறாரு. எனக்கு அந்தப் பாழாப்போன நாற்காலி மேலதான் கண்ணு போச்சு.

கடைக்குக் கொண்டாந்து பிரிச்சேன். எண்ணெய் போட்டுப் போட்டே தையல் நூலெல்லாம் இத்துப் போயிருந்துச்சு. உள்ள ஸ்பாஞ்சு பொடியா உதிர்ந்துச்சு. குங்குமம் தோலுக்குள்ள இறங்கிருச்சு, என்ன தேய்ச்சும் போகலை. மதுரையில தோல் வாங்கியாந்து, வெடிச்ச இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டேன். தோல்ல ஊசி தப்பா இறங்கினா அந்த ஓட்டை மூடாது. அதனால பழைய ஓட்டை வழியாவே கையால தைச்சேன். விரல் நுனியெல்லாம் புண்ணு.

முடிச்சுட்டு நானே உக்காந்து பார்த்தேன். அடேயப்பா! இடுப்பு உள்ள இறங்குது, முதுகு சாயுது, காலு தன்னால நீளுது. ஆனா எந்திரிக்கணும்னா மல்லுக்கட்டணும். அப்பத்தான் வெளங்குச்சு, இதுல உக்கார்றவன் யாரைக் கண்டும் எந்திரிக்க வேண்டாதவன்னு. அப்பாவும் அதையேதான் சொன்னாரு.

"வேண்டாம்த்தா. முதலாளி வந்தா சட்டுனு எந்திரிக்க முடியாது."

"பெரியவரு செத்து எம்புட்டு வருசமாச்சு? இங்கன யாருப்பா வரப் போறா?"

கத்தி, அழுது, ஒரு வழியா உக்கார வச்சேன். அன்னைக்கு மனுசன் அசந்து தூங்கினாரு. மூச்சு சீரா வர்ற சத்தத்தை அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அம்புட்டு சந்தோசம் எனக்கு.

தீபாவளி சீசன் முடிஞ்ச கையோட, பெரியவரோட மகன், சின்ன முதலாளி, வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாரு. வாசல்ல கார் நின்னதுமே அப்பா எந்திரிக்கப் பார்த்தாரு. கையை ஊன்றாரு, நாற்காலி சுத்துது. காலை இறக்குறாரு, மெத்தை உள்ள இழுக்குது. அவரு உள்ள வந்து நின்னாச்சு, அப்பா இன்னும் பாதியில கிடக்காரு. "இருக்கட்டும், உக்காருங்க"ன்னு அவரு சொன்னது அப்பா காதுல ஏறவே இல்லை. நான் ஓடிப்போய் தூக்கி விட்டேன். மூச்சு இரைக்க, வேட்டியைச் சரி பண்ணிக் கும்பிட்டாரு.

"இது நீங்க இருக்க வேண்டிய எடம் முதலாளி. எடுத்துட்டுப் போயிருங்க."

சின்ன முதலாளி தோலைத் தடவிப் பார்த்தாரு. "எங்கப்பா நாற்காலியா இது! புதுசாட்டம் இருக்கே"ன்னாரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை வரலை அந்த வாயில. "இதுல சாஞ்சாத்தான் அப்பாவுக்கு மூச்சே வருது"ன்னு நான் ஆரம்பிச்சேன். "ஏத்தா, சும்மா இரு!"ன்னு அப்பா இருமிக்கிட்டே அதட்டினாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, யாரைத் திட்டன்னே தெரியலை.

மறுநாள் கம்பெனி லோடு வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. அப்பா சுவத்துல சாஞ்சு தரையில உக்காந்திருந்தாரு. வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குது. என்னமோ கேக்க வாயைத் திறந்தாரு. தண்ணிதான் கேக்காருன்னு குனிஞ்சேன்.

"கயிறு தோல்ல உரசாம... துணி வச்சுக் கட்டினாகளாத்தா?"