சரியல்ல என்று சொல்ல வேண்டிய இடம்

பேய், ஆவி, கனவில் வந்து சொல்வது, நடக்கப்போவது முன்கூட்டியே தெரிவது, இதிலெல்லாம் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அளக்க முடிந்தால் பேசு, முடியாவிட்டால் உட்கார் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். அதனால் நீங்கள் பாதியில் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் இருட்டில் இல்லை, பட்டப்பகலில், கடலூர் கோர்ட்டில், மின்விசிறி கடகடவென்று சுற்ற, அத்தனை பேர் நடுவில்.

ஓய்வுக்குப் பிறகு சட்டம் படிக்கச் சேர்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று என்னைக் கேட்காதவர் சிதம்பரத்தில் யாருமில்லை. மனைவி போன பிறகு பகல் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். வகுப்பில் எல்லாருக்கும் நான் மாமா. பாடம் எடுப்பவர்களில் ஒருவர் பள்ளியில் என்னிடம் படித்தவர், வருகைப்பதிவில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவரே பாதி எழுந்துவிடுவார். நன்றாகத்தான் போனது, உண்மையில் என் வாழ்க்கையின் நல்ல வருஷங்களில் அவையும் சேர்த்தி.

கடைசி வருஷத்தில் ஒரு பயிற்சி உண்டு. சிவில் வழக்கு ஒன்று, கிரிமினல் வழக்கு ஒன்று, இரண்டையும் நேரில் போய் உட்கார்ந்து கவனித்து, யார் என்ன கேட்டார், சாட்சி என்ன சொன்னார் என்று ரெக்கார்டு எழுத வேண்டும், பிறகு வாய்மொழித் தேர்வு. சிவில் வழக்கைச் சிதம்பரத்திலேயே பார்த்துவிட்டேன். கிரிமினலுக்குக் கடலூர் போனேன், வாய்தா. மறுபடி போனேன், மறுபடி வாய்தா. முழங்கால் வலி, பஸ்ஸில் நிற்க இடமில்லை, சித்திரை வெயில். வீட்டிலேயே மேசைமுன் உட்கார்ந்து ஒரு விசாரணையை நானே கற்பனையாக எழுதிவிட்டேன்.

இதுதான் நான் செய்த தப்பு. ஆய்வகத்தில் சோதனையே செய்யாமல் ரீடிங் எழுதி வந்த பையன்களை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன், அதே வேலையை இந்த வயதில் நான் செய்தேன், செய்யும்போது கூசவும் இல்லை, ரசித்துத்தான் செய்தேன்.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போகிறது. டிராக்டர் ஓட்டுகிற ஒரு பையன்மேல் வழக்கு. அவனுக்காக அவன் அம்மா சாட்சி சொல்ல வருகிறாள். அவளுக்கு மூக்குத்தி போட்டு அஞ்சலை என்று பெயர் வைத்தேன், எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு அஞ்சலை உண்டு. திருட்டு நடந்த அன்று மகன் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான், நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன் என்கிறாள். அரசுத் தரப்பு வக்கீல் கஷாயத்தில் என்ன போட்டாய் என்று மடக்குகிறார். அவள் மிளகு, சுக்கு, கொஞ்சம் வெல்லம் என்று சொல்லி, துளசி போடவில்லை, துளசியை மாடு தின்றுவிட்டது என்கிறாள். கோர்ட் சிரிக்கிறது. இதெல்லாம் சுவைக்காக நானே சேர்த்தது.

குறுக்கு விசாரணையின் கடைசியில் ஒரு சடங்கு உண்டு. எதிர்த் தரப்பு வக்கீல் தன் தரப்பு வாதத்தை வரிசையாகச் சொல்வார், நீ பொய் சொல்கிறாய், நீ அங்கே இல்லவே இல்லை என்று, சாட்சி ஒவ்வொன்றுக்கும் "சரியல்ல" என்பார். எல்லாச் சாட்சியும் அப்படித்தான் சொல்வார்கள். பழகிய டைப்பிஸ்ட் சாட்சி வாயைத் திறக்கும் முன்பே அந்த வார்த்தையை அடிக்க ஆரம்பித்துவிடுவார். நான் என்ன செய்தேன் தெரியுமா, தேர்வுக்கு வருகிறவர் அசர வேண்டும் என்று, மகனைக் காப்பாற்றத்தானே பொய் சொல்கிறாய் என்ற கேள்விக்கு அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "சரிதான்" என்று சொன்னதாக எழுதினேன். அந்த ஒரு வார்த்தையில் வழக்கு முடிகிறது, மகன் ஜெயிலுக்குப் போகிறான்.

தேர்வாளர் அசந்துதான் போனார். "பெரியவரே, என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதில நான் கேட்டதே இல்ல" என்றார். வகுப்பில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். பரங்கிப்பேட்டைப் பையன் ரஃபீக், உண்மையாகவே நாள்தோறும் போய்க் கால் கடுக்க நின்று பார்த்தவன், என்னைவிட எவ்வளவோ கீழே.

"மாமா, நீங்க எந்தக் கோர்ட்டுல பாத்தீங்க? நான் போன அன்னிக்கெல்லாம் கொட்டாவியும் வாய்தாவும்தான். ஒங்களுக்கு மட்டும் ஆட்டம் பாட்டத்தோட நடந்திருக்கு" என்று சிரித்தான். அவனுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. கொஞ்ச நாள் பொறுத்து, ஒரு தடவையாவது நிஜமாகப் பார்த்துவிட்டு வந்து அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவனோடு கடலூருக்குப் புறப்பட்டேன்.

மதிய உணவுக்குப் பிறகு கோர்ட் கூடியது. நீதிபதி ஓர் அம்மா. நாங்கள் பின்பெஞ்சில். கோர்ட் சேவகர் வாசலில் நின்று, "அஞ்சலை, அஞ்சலை, அஞ்சலை" என்று கூப்பிட்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொன்னேனே, தெருவுக்கு நாலு. கூண்டில் ஏறியது ஒடிசலான ஓர் அம்மாள், ஒற்றைக்கல் மூக்குத்தி. எதிரே குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கிற இடத்தில் அவள் மகன். மோட்டார் திருட்டு வழக்கு என்றார்கள். அதுவும் எங்கள் பக்கம் சாதாரணம்தான், கொல்லையில் மோட்டாரை விட்டால் வேறு எதைத் திருடுவார்கள். மகனுக்கு அன்று காய்ச்சல் என்றாள். காய்ச்சல் சொல்லாத சாட்சி உண்டா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "கஷாயம் வச்சிக் குடுத்தேன்றியே, அதுல என்னா போட்ட?" என்றார்.

"மொளவு, சுக்கு, கொஞ்சம் வெல்லம்."

"துளசி போடலியா?"

"தொளசிய மாடு தின்னுடுச்சி சார்."

கோர்ட் சிரித்தது. ரஃபீக் சிரித்தான், நீதிபதிகூடக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் இப்போது சிரிப்பு வரவில்லை. நம்பினால் நம்புங்கள், சிரிப்பு அடங்கியதும் வக்கீல் கேட்ட அடுத்த கேள்வியை அவர் கேட்கும் முன்பே நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு அடுத்ததையும். சொல் மாறவில்லை. ரஃபீக் திரும்பிப் பார்த்து, "என்னா மாமா, மந்திரம் கிந்திரம் சொல்றீங்களா" என்று கிசுகிசுத்தான்.

இனி வரப்போவது எது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது, வகுப்பறையில் எத்தனை பொய்யைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறாள், நான் எழுதியதற்காகச் சொல்லப்போகிறாள், எதிரே அவள் பெற்ற பிள்ளை நிற்கிறான்.

"ஒம் மவனக் காப்பாத்தணும்னுதான் இங்க வந்து பொய் சொல்ற, சரிதானே?" என்றார் வக்கீல்.

டைப்பிஸ்ட்டின் விரல்கள் எந்திரத்தின்மேல் அப்படியே நின்றன. அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை, கால் தானாக எழுந்தது. சேவகர், "ஒக்காருங்க பெரியவரே" என்று அதட்டினார். நீதிபதி என்னைப் பார்த்து, "யார் நீங்க? அட்வகேட்டா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஸ்டூடண்ட்."

மறுபடியும் சிரிப்பு. "ஸ்டூடண்ட்டா? சரி, எதுக்கு எழுந்தீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கேள்வி காதுல சரியா விழலீங்கம்மா. ஒண்ணா ரெண்டான்னு புரியல. இன்னொரு தடவ கேட்டா எழுதிக்குவேன்."

என்னை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நீதிபதி அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் சொல்றதும் சரிதான் சார், அது ரெண்டு கேள்வி. பிரிச்சுக் கேளுங்க" என்று வக்கீலிடம் சொன்னார்.

"ஒம் மவனக் காப்பாத்தத்தானே வந்த?"

"ஆமாங்க. பெத்தவ வராம யாரு வருவா?"

"பொய்தானே சொல்ற?"

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "சரியில்லீங்க. பொய் சொல்லவா சாமி நான் பஸ்ஸு புடிச்சி வந்தேன்?" என்றாள். டைப்பிஸ்ட்டின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. நான் உட்கார்ந்தேன், என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது கணக்குப் போட்டுச் சமாளித்திருப்பேன். எங்கோ எப்போதோ காதில் விழுந்ததை என் கற்பனை என்று நினைத்து எழுதியிருப்பேன் என்று. வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம், ரஃபீக் டீ சொல்லப் போயிருந்தான். கூண்டில் நின்ற அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தாள்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. நீங்க எழுதுனாப்புல சொல்ல வாய் வரல."

"நான் எதுவும் எழுதித் தரலியேம்மா. வக்கீல் குமாஸ்தான்னு நெனச்சிட்டியா?" என்றேன்.

"குமாஸ்தா தோ பஜ்ஜி துன்றாரு, அவரத் தெரியாதா எனக்கு? ஒங்களத்தான் சொல்றேன். ஜொரம் நெசம், கஷாயம் நெசம். எங்க ஊட்டுல ஏதுங்க மாடு? நீங்க ஆசப்பட்டு எழுதிட்டீங்களேன்னுதான் அதச் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்த மட்டும் முடியல."

கோபமே இல்லை, கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிறவளைப் போலச் சொன்னாள். "எம்மா, நெல்லிக்குப்பம் வண்டி வந்துடுச்சி" என்று மகன் கூப்பிட்டான். "தோ வரண்டா" என்று ஓடினாள். ரஃபீக் டீயோடு வந்து, "யாரு மாமா, ஒறவா?" என்றான்.

அன்று பஸ்ஸில் வரும்போதே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவன், "மாமா, அப்ப எனக்கு அடுத்த தடவ ஜாஸ்தி மார்க் வர்ற மாதிரி ஏதாச்சும் எழுதுங்களேன்" என்றான். அதுதான் அவன் மன்னிப்பு. மறுநாள் கல்லூரியில் போய் ஒப்புக்கொண்டேன். நேரில் பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் பழைய மாணவர், "சார், கடைசி பதிலத் தவிர ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று குழம்பினார். மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், பாஸ் போதும் என்று வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சில மாதம் கழித்து ரஃபீக் போனில் கூப்பிட்டான். இப்போது அவன் கடலூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். "மாமா, ஒங்க அஞ்சலை மவன் விடுதலை. தீர்ப்பு அன்னிக்கி அவன் பக்கத்துலதான் நின்னேன், கை குடுத்தேன்."

மனம் நிறைந்துபோயிற்று. பேச்சுக்காகத்தான் கேட்டேன், "பையன் எப்படிடா இருந்தான், முகத்துல சந்தோஷம் தெரிஞ்சுதா?"

"மாமா, அம்மா மொகம் அப்படியே கண்ணுல நிக்குது. அவன் மொகம்... கை குடுத்தேன் மாமா, கையி ஞாபகமிருக்கு. மொகம் வர மாட்டேங்குது" என்றான்.

எனக்கும் வரவில்லை. கூண்டுக்கு எதிரே அத்தனை நேரம் நின்றானே, பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டானே, எவ்வளவு முயன்றும் வரவில்லை. அன்று என் மேசைமுன் உட்கார்ந்து அஞ்சலைக்கு மூக்குத்தி எழுதினேன், முந்தானை எழுதினேன், இல்லாத மாடுகூட எழுதினேன். குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட் தமிழில் எதிரி என்பார்கள், அவனுக்கு ஒரு பெயர் வைக்கக்கூடத் தோன்றாமல் எதிரி, எதிரி என்றே எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஜெயிலுக்கு அனுப்ப அதுவே போதுமாக இருந்தது எனக்கு.

இப்போதும் கடலூர் பஸ்ஸில் யாராவது ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று கேட்பான். என்னிடம் படித்தவனாக இருக்கலாம், எத்தனையோ பேர் படித்தார்கள். அவனாகவும் இருக்கலாம். யாரென்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. நல்லா இருக்கேன்பா என்று சொல்லி, ஜன்னல் பக்கம் நகர்ந்து, அவன் உட்கார இடம் விடுகிறேன்.