அதில் முட்டை இல்லை

பாம்பே டோஸ்ட் என்று இங்கே சொல்வார்கள். முட்டையை உடைத்துப் பாலோடு அடித்து, சீனி போட்டு, பிரெட்டை அதில் முக்கித் தோசைக்கல்லில் சுட்டு எடுப்பது. திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பாதி வீடுகளில் அதுதான் நாலு மணிப் பலகாரம். எங்கள் வீட்டில் அது கிடையாது. நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். முட்டை என்ற பேச்சையே என் அம்மா அடுப்படியில் எடுக்க விடமாட்டாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது ஸ்ரீவராகத்தில் ஒரு பழைய வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்குத் தம்பானூரில், ஒரு தனியார் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில். மகளுக்கு ஏழு வயது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். நான் வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிடும். இடையில் இருந்த இரண்டரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, வீட்டின் மறுபாதியில் குடியிருந்த சேச்சி தானாகவே வந்து சொன்னார்.

"பிள்ளைய எங்கிட்ட விடு மோளே. நான் வீட்லதான் இருக்கேன். தையல் மெஷின் சவிட்டிட்டே பாத்துக்கிடுவேன்."

சேச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். மலையாளி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பார். எங்கள் தெருவில் அவரிடம் தைக்காத பெண்கள் குறைவு. எங்களிடம் அவர் பேசியது பாதி தமிழும் பாதி மலையாளமும்தான். என் மகளும் அதே மாதிரி பேசக் கற்றுக்கொண்டாள். மகளை "மக்களே" என்று கூப்பிடுவார். அவளுக்கு அவர் ஆன்டி. இரண்டு வருஷம் அவள் சாயங்காலங்கள் அங்கேதான் கழிந்தன. வீட்டுப்பாடம் அங்கே, விளையாட்டு அங்கே, வெட்டி விழுந்த துணியில் பொம்மைக்குப் பாவாடை அங்கே.

சேச்சி வீட்டில் மீன் வைப்பார்கள், முட்டை உண்டு. எனக்கு அது தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தேன், "பிள்ளைக்கு அது ஒண்ணும் குடுத்திராதீங்க சேச்சி." அவர் சிரித்துக்கொண்டே, "அது எனக்கு அறியாதா" என்றார். ஆனாலும் என் மனதின் ஒரு மூலையில் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. சில நாள் மகள் தூங்கிய பிறகு அவள் வாயருகே குனிந்து மோந்து பார்த்திருக்கிறேன். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் ஆபீசில் கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யவில்லை. மூன்றரைக்கே எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் பிடித்துக் கிழக்கேகோட்டையில் இறங்கி, அங்கிருந்து நடந்து தெருவுக்குள் நுழைந்தபோது மணி நாலேகால். சேச்சி வீட்டுக் கதவு திறந்திருந்தது. நெய்யும் சீனியும் கருகுகிற வாசனை. நேரே அடுப்படிக்குப் போனேன்.

கல்லில் இரண்டு பிரெட் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாக ஏதோ கரைத்து வைத்திருந்தது. என் மகள் தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரலெல்லாம் பிசுபிசுக்கத் தின்றுகொண்டிருந்தாள். அலமாரியில், கண்ணுக்கு நேராக, அட்டைத் தட்டில் ஆறு முட்டை.

தட்டைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னட்டி திங்க? துப்பு. துப்புட்டி!"

மகள் பயந்து போய் வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பினாள். சேச்சி கையில் கரண்டியோடு திரும்பினார்.

"ஐயோ மோளே, அதுல முட்ட இல்ல. கஸ்டர்ட் பொடியாக்கும். பாலும் கஸ்டர்ட் பொடியும், அவ்வளவுதான்."

"அப்ப அந்த முட்டை?"

"அது எனக்கு. பிள்ளைக்கு உள்ள பாத்திரமே வேற. சத்தியமா."

நான் நம்பவில்லை. அந்த மஞ்சள் நிறம் என் கண்ணை மறைத்துவிட்டது. மகள், "முட்டை இல்லம்மா, நான் பாத்தேம்மா" என்று அழுதாள். அவள் அழுததில் எனக்குக் கோபம் கூடியது. பிள்ளையைப் பொய் சொல்லக்கூடப் பழக்கிவிட்டாள் என்று தோன்றியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே நின்று, எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, திரும்பிச் சொன்னேன்.

"பெத்து வளத்திருந்தால்லா பிள்ளைய எப்படிப் பாக்கணும்னு தெரியும்."

உள்ளே கல்லில் இருந்தது தீய்ந்து புகை வந்தது. சேச்சி அதை இறக்கப் போனார்.

வீட்டுக்கு வந்து மகளை நாலு தடவை வாய் கொப்பளிக்க வைத்தேன், தலைக்குக் குளிப்பாட்டினேன். அடுத்த வாரமே கோட்டைப் பக்கம் ஒரு டே கேரில் சேர்த்துவிட்டேன். நான் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் மூன்றாம் நாள் எங்கள் வாசல் கிராதியில் ஒரு பையில் தொங்கியது. ஊக்கு, கொக்கி எல்லாம் வைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. சேச்சியின் முகத்தைப் பார்க்க நேர்ந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவரும் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை, "கேட்டுப் பாத்திருக்கலாம்லா" என்றார். நான் அவரிடமும் சண்டை போட்டேன்.

ஏழெட்டு மாசம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அடுப்படியில் வந்து நின்றாள். வீட்டில் முந்தின நாள் பிரெட் பாக்கி இருந்தது.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லித் தாரேன், செய்வியா? ஏச மாட்டியே?"

"என்ன?"

"கஸ்டர்ட் பொடி வேணும்."

கடையில் போய் வாங்கி வந்தேன். அவள் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"பால் ஆறியிருக்கணும். சூடா இருந்தா கட்டி தட்டும். ரெண்டு ஸ்பூன் பொடி. இப்ப சீனி. ஏலக்காய் தட்டிப் போடு. பிரெட்ட ரொம்ப நேரம் ஊற விடாதம்மா, ஒடஞ்சு போகும். முக்கி ஒடனே எடுக்கணும். தீயக் கொறச்சு வை, இல்லைன்னா பொடி வாசம் போகாது. ஒவ்வொரு தடவையும் கலக்கிட்டு முக்கணும். அடியில தங்கிரும்."

ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இத்தனை தெரிய வேண்டுமென்றால் எத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்! எந்த இடத்திலும் அவள் தடுமாறவில்லை. எந்த இடத்திலும் முட்டை வரவில்லை. பால் மஞ்சளாக மாறியது. கல்லில் போட்டதும் அதே வாசனை வந்தது. திருப்பிப் போட்டபோது அதே நிறம், ஓரத்தில் அதே கருஞ்சிவப்பு.

"அங்க எனக்குத் தனிக் கல்லும்மா" என்றாள் மகள். "ஆன்டி அதுல அவங்க முட்டைய ஒருநாளும் போட மாட்டாங்க. அதத் தனியா ஒரு துணியில சுத்தி வச்சிருப்பாங்க."

ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. மீதியை மகள் தட்டில் வைத்தேன்.

அன்று மாலையே போயிருக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. முழுங்கியா போடுவாங்க?" நான் வாசல் வரை போனேன். மெஷின் சத்தம் கேட்டது. என்ன சொல்லித் தொடங்குவது என்று நின்றேன். திரும்பிவிட்டேன். மறுநாளும் போகவில்லை. புதன்கிழமை போகலாம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று இரண்டு வாரம் ஓடியது. பிறகு ஒரு நாள் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். கதவில் பூட்டு. எதிர்வீட்டில் கேட்டபோது, வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

"ஒங்களுக்குத் தெரியாதா? பக்கத்து வீடுதான?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு துண்டு சுட்டு டப்பாவில் அடுக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினேன். அன்று தங்கை வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மகன் கதவைத் திறந்துவிட்டான். சேச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்து முகம் ஒரு கணம் இறுகியது. பின்னால் நின்ற மகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"வா மக்களே. உயரம் வச்சுட்டியே!"

மகள் டப்பாவைத் திறந்து காட்டினாள். சேச்சி ஒரு துண்டை எடுத்துப் பாதியைப் பிட்டு மெதுவாகத் தின்றார். "பொடி கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். மகள் சிரித்தாள். மீதிப் பாதியை டப்பாவின் மூடியில் வைத்துவிட்டு, டாக்டர் அளவாகத்தான் தின்னச் சொல்லியிருக்கிறார் என்றார்.

மகளை வெளியே கோழி பார்க்க அனுப்பினேன். அறையில் நாங்கள் இருவரும்தான்.

"சேச்சி, அன்னிக்கு நான் பேசினது..."

அழுதேன். சேச்சி என் கைமேல் தன் கையை வைத்தார்.

"முட்ட காரியம் நான் அன்னைக்கே விட்டாச்சு மோளே. உனக்குப் பயம், பிள்ளை காரியத்துல பேடி வரும். அது எனக்கு மனசிலாகும்."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"வாசல்ல நின்னு சொன்னது, அது மறக்கப் பற்றல" என்றார். "நோக்கினேன். முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. வலிக்கிற இடத்தை டாக்டரிடம் காட்டுவது போலச் சொன்னார். கையையும் எடுக்கவில்லை. நானும் மன்னித்துவிடுங்கள் என்று திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் இல்லாத ஒன்றை அவர் வாயிலிருந்து பிடுங்குவது போலாகிவிடும் என்று பட்டது. மகள் உள்ளே ஓடி வந்து, குஞ்சுகள் ஒன்பது இருக்கின்றன என்றாள். சேச்சி அவளிடம் எந்தெந்த நிறம் என்று கேட்க ஆரம்பித்தார்.

புறப்படும்போது, "இனியும் வா மக்களே" என்றார். அது மகளிடம் சொன்னது.

பிறகு இரண்டு தடவை போனோம். நாலாவது தடவை போவதற்குள் மகளுக்குப் பரீட்சை வந்தது, அப்புறம் விடாத மழை. சேச்சி போய்விட்டார் என்பது எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகே தெரிந்தது. எங்கள் போன் நம்பர் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. கொடுக்க எனக்குத் தோன்றியதும் இல்லை. மகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வீட்டுக்காரரும் நானும் துக்கம் கேட்கப் போனோம். போன மூன்று தடவையும் தங்கையைப் பார்க்க வாய்த்திருக்கவில்லை. அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

"ஸ்ரீவராகத்துல பக்கத்து வீட்ல இருக்கோம்" என்றேன்.

"ஆ, பாம்பே டோஸ்ட் குட்டியோட அம்மையா?" அவர் முகம் மலர்ந்தது. "அக்கா எப்பவும் அந்தக் குட்டி காரியம்தான் பேசும். என்ன படிக்கா, என்ன திங்கா, எல்லாம் எனக்கு அறியும்." பிறகு என்னையே கொஞ்சம் பார்த்தார். "உங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல கேட்டோ."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, தங்கை கொண்டு வந்து வைத்த சாயாவை ஆறும் வரை கையில் வைத்திருந்து, பிறகு குடித்தேன்.