பத்து கோல் என்று நான் எழுதிய சீட்டு

1. தவறு நடந்த நாள்

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. ஆட்டம் வேறு நாட்டில் நடக்கும். திரையில் வரும் படத்தைப் பார்த்து பாஸ்கர் தமிழில் வர்ணனை சொல்வார். அவருக்கு இடப்பக்கம் என் நாற்காலி. யார் கோல் அடித்தார், எந்த நிமிடம், முந்தைய ஆட்டங்களில் என்ன ஆயிற்று என்பதையெல்லாம் சீட்டில் எழுதி நீட்டுவது என் வேலை. பாஸ்கர் சீட்டைச் சரிபார்க்க மாட்டார், அதற்கு நேரம் இருக்காது. கைக்கு வந்ததும் வாசித்துவிடுவார். பதினாறு வருடங்களாக இப்படித்தான்.

அது ஆசிய மகளிர் கால்பந்துக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. எங்கள் குரூப்பில் நான்கு அணிகள். முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வாய்ப்பு. மற்ற மூன்றையும் ஜெர்சி நிறத்தால் குறிப்பிடுகிறேன். முதல் ஆட்டத்தில் நம் பெண்கள் சிவப்பு அணியை 1-0 என்று வென்றார்கள். இரண்டாவதில் பச்சையிடம் 0-1 என்று தோற்றார்கள். அன்றே சிவப்பு அணி மஞ்சளை 9-0 என்று வென்றது. கடைசி நாள் நமக்கு மஞ்சள், சிவப்புக்குப் பச்சை. நாமும் சிவப்பும் வென்றால் ஆளுக்கு ஆறு புள்ளி; முதல் ஆட்டத்தில் மஞ்சளோடு டிரா செய்திருந்த பச்சை நான்கிலேயே நின்றுவிடும்.

"சமமானால் என்ன ஆகும்?" என்று அன்று, இரண்டாம் ஆட்டத்தின் முடிவில், பாஸ்கர் வர்ணனையிலேயே கேட்டார். "கோல் வித்தியாசம். நமக்குக் குறைந்தது பத்து கோல் வேண்டும்" என்று எழுதி நீட்டினேன். வாசித்தார்.

மாலையில் மயிலாப்பூர் வீட்டில் டைரி எழுத உட்கார்ந்தேன். எந்த விதியைக் குறித்தாலும் பக்கத்தில் அதன் எண்ணையும் எழுதுவது என் வழக்கம். எண்ணுக்காகப் போட்டி விதிகளைத் திறந்தேன். புள்ளிகள் சமமானால், அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் விதியை, ஞாபகத்திலிருந்து, இந்தப் போட்டிக்குப் போட்டிருக்கிறேன்.

சிவப்பை நாம் வென்றிருக்கிறோம். மஞ்சளுக்கு எதிராக ஒரு கோல் போதும்.

2. தயாரிப்பாளர் சொன்னது

கடைசி நாள், ஆட்டத்துக்கு அரை மணி முன்பு, தயாரிப்பாளர் கார்த்திக்கிடம் போனேன்.

"மேடம், ஸ்கோர் தர்ற ஏஜென்சில இருந்து வர்ற டேபிள்ல, கோல் வித்தியாசத்தை வெச்சு சிவப்புதான் மேல காட்டும். நீங்க மட்டும் வேற சொன்னா பார்க்கிறவன் எதை நம்புவான்?"

"விதி எண்ணோட மெயில் அனுப்பியிருக்கேன். பார்த்தீங்களா?"

"எங்க நேரம்? 'பத்து கோல் அதிசயம் நடக்குமா'ன்னு காலைலேர்ந்து ப்ரமோ ஓடுது. ஸ்டாட்ஸுக்கு இனிமே ஆள் எதுக்குன்னு மேல வேற கேட்டுக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல, தப்பு என்னோடதுதான்னு ஆன்-ஏர்ல சொல்லப் போறீங்களா?"

"ஆமாம்."

"வேணாம் மேடம். டேபிள் பத்தி சீட்டே போகக் கூடாது."

3. எழுபதாம் நிமிடம்

சிவப்பு அணி அங்கே பன்னிரண்டாம் நிமிடத்திலேயே முன்னிலை பெற்றது. இங்கே மஞ்சள் அணி மொத்தமும் கோலுக்கு முன்னால் நின்றது. எழுபது நிமிடமாகியும் 0-0. பாஸ்கரின் குரல் தளர்ந்துவிட்டது. "பத்து கோல் இனி கனவுதான்" என்றார்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "முன்பு நான் தந்த சீட்டு தவறு. ஒரு கோல் போதும்" என்று எழுதி, கையெழுத்திட்டு, விதிப் பக்கத்தையும் சேர்த்து நீட்டினேன்.

பதினாறு வருடத்தில் முதல் முறையாக அவர் வாசிக்கவில்லை. மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினார்.

"இன்னாக்கா இது? பத்துன்னு நீதானே எழுதிக் குடுத்தே?"

"தப்பா எழுதிட்டேன்."

"நீயா? தப்பாவா?" பக்கத்தைப் பார்த்தார். "இதுவும் தப்பா இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, மீம்ஸ் போட்டே என்னைக் கிழிச்சிடுவானுங்க."

"என் பேரைச் சொல்லிடு."

ஹெட்போனில் கார்த்திக் கத்தினார்: "பாஸ்கர், அந்தப் பேப்பரை வைங்க!"

பாஸ்கர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "ரசிகர்களே, ஒரு திருத்தம்! நாங்க சொன்னது தப்பு. பத்து கோல் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு போதும்! இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, நிமிர்ந்து உட்காருங்க!"

எண்பத்து மூன்றாம் நிமிடம் கார்னர். நம் தடுப்பாட்டக்காரப் பெண் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினாள். கோல்! என் பேனா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

இரண்டு மைதானத்திலும் கடைசி விசில் ஊதியபோது சிவப்பும் வென்றிருந்தது; திரையில் வந்த டேபிளில் நாம் இரண்டாமிடம். மைதானத்தில் நம் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கர் எழுந்தே நின்றுவிட்டார்.

"டேபிளைப் பார்க்காதீங்க! பொண்ணுங்களைப் பாருங்க! அவங்களுக்குத் தெரியும்!"

சில நிமிடங்களில் டேபிள் மாறி, நாம் முதலிடத்துக்கு வந்தோம். கார்த்திக் கண்ணாடிக் கதவைத் திறந்து வந்தார். "மேடம், மத்த ரெண்டு சேனல்லயும் வெளியேறிட்டோம்னு சொல்லிட்டு இப்ப மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அந்த மெயிலை இன்னொரு தடவை அனுப்புங்க. மேல காட்டணும்."

அடுத்த போட்டிக்கும் என் நாற்காலி அங்கேயே இருந்தது.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தவறான தகவலைத் தந்தால், தந்த இடத்திலேயே, முடிவு தெரியும் முன்பே திருத்திவிடுங்கள். விசிலுக்குப் பிறகு அந்தச் சீட்டைத் தந்திருந்தால் அது வெறும் செய்தி. எழுபதாம் நிமிடத்தில் தந்ததால், அந்தக் கோல் விழுந்தபோது எங்கள் ரசிகர்கள் அதை ஆறுதல் கோலாகப் பார்க்கவில்லை. வெற்றிக் கோலாகவே பார்த்தார்கள்.