நாலாவது மூலை

நகக்கண் அளவு இரும்புச் செதிலுக்காகக் கூடப்பிறந்தவளைச் சாகவிட்டவன் என்று, தண்ணீர் லாரிக்காரர் தன் மச்சானைப் பற்றிச் சொல்லாத டீக்கடை அந்த ஊரில் இல்லை. வருஷங்கள் ஓடியும் அந்தப் பேச்சு ஆறவில்லை. கேட்கிற ஆட்கள்தான் மாறினார்கள். "மெக்கானிக்காம் மெக்கானிக்! தன் உயிர்னா தங்கம், அடுத்தவ உயிர்னா தகரம்" என்று தொடங்கினால் டீ ஆறிப்போகும், அவர் ஆறமாட்டார்.

அந்த மச்சானும் இவரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மலைப்பக்கம் ஆபத்து என்றால் ஓடுவதற்கென்று இரண்டு ஹெலிகாப்டர்களை நிறுத்திவைத்திருந்த கொட்டகைக்கு லாரிக்காரர் தண்ணீர் கொண்டுபோவார். அங்கே மெக்கானிக்காக இருந்தவரை எல்லாரும் 'நட்டு' என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் சட்டைப் பைகளையெல்லாம் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். ஒரு நட்டு கணக்கில் குறைந்தால், அது மெஷினுக்குள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். தேடிக் கிடைக்காமல் நகரமாட்டார்.

லாரியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறங்குகிற நேரமெல்லாம் நட்டுவின் வாய் ஓயாது.

"விமானம் ஓடினாத்தான் பறக்கும். இது நின்ன இடத்துலயே கிளம்பணும். அதனால இறக்கையே சுத்துது. சுத்தச் சுத்தக் காத்தைக் கீழே தள்ளுது, இது மேலே போகுது."

"அப்ப வால்ல எதுக்கு இன்னொரு விசிறி? அழகுக்கா?"

"மேலே இருக்கறது ஒரு பக்கம் சுத்தினா, உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தறதே அந்தச் சின்னதுதான். சின்னதுதானேன்னு விட்டா மொத்தமும் பம்பரம்."

"எங்க வீட்டுக்கும் அப்படி ஒண்ணு வேணும், மச்சான்" என்று ஒருநாள் லாரிக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், நர்ஸ். அண்ணனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது இந்த லாரிக்காரர் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டு நிற்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மச்சான்னு சும்மா கூப்பிடாதே. கூப்பிட்டா நிஜமாயிடும்" என்றார். நிஜமாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நட்டு பழைய கதைகளை எடுப்பார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி மொத மொத ஒண்ணைக் கிளப்பினாங்க. முழங்கால் உயரம்தான் எழும்புச்சு. நாலு மூலையிலும் நாலு ஆள் பிடிச்சுக்கிட்டு நின்னான்."

"அப்ப தூக்கினது மெஷினா, அந்த நாலு தடியனுங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"தூக்கல, தாயே. சாயாம பிடிச்சுக்கிட்டாங்க. கிளம்பறது அதுவாத்தான் கிளம்பணும். அப்புறம் ஒருத்தர் செஞ்சாரு. அது பின்னால போச்சு, பக்கவாட்டுல போச்சு. முன்னால போகத்தான் ரொம்ப நாள் மாட்டேன்னுச்சு."

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா அப்படித்தான்" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவள் தலையில் தட்டினார்கள்.

மழைக்காலத்தில் அவளுக்கு மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி போட்டார்கள். அவள் போன வாரத்திலேயே மலைச்சாலை சரிந்தது. அவளுக்கு வயிற்றுக்குள் குடல்வால் வெடித்துவிட்டது. அங்கே அறுக்க டாக்டர் இல்லை. சரிந்த மண்ணுக்கு இந்தப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு லாரிக்காரர் கொட்டகைக்கு ஓடிவந்தார். ஒரு ஹெலிகாப்டர் வேறு ஊர் வெள்ளத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பைலட் ஏறிவிட்டார். வழிகாட்ட என்று லாரிக்காரரும் பின்சீட்டில் ஏறிப் பெல்ட் போட்டுக்கொண்டார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. பைலட்டின் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

நட்டு கையைக் குறுக்கே வீசி நிறுத்தச் சொன்னார். கியர்பாக்ஸ் எண்ணெய்க்குள் தலையை நீட்டிக்கொண்டு காந்த போல்ட் ஒன்று இருக்கும். உள்ளே தேய்கிற இரும்பு அதில் வந்து ஒட்டினால் அந்த விளக்கு எரியும். பஞ்சு மாதிரி ஒட்டினால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். செதிலாக ஒட்டினால் கியர் பல்லோ பேரிங்கோ உடைய ஆரம்பித்திருக்கலாம். நட்டு போல்ட்டைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் ஒரு செதில் மின்னியது.

"இது பறக்காது" என்றார்.

"சின்னதுதானேய்யா! துடைச்சுட்டுப் போடுய்யா!" என்று லாரிக்காரர் சீட்டிலிருந்து கத்தினார். "அங்க கிடக்கறது உன் தங்கச்சி!"

"இறங்கு மாப்ளே."

அவ்வளவுதான். லாரிக்காரர் இறங்கிவந்து கெஞ்சினார், சட்டையைப் பிடித்தார், காலில் விழுந்தார். நட்டு அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எவன் சரியாயிருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறானோ, அவன்தான் அந்த முதல் பறப்பில் கூட ஏறவேண்டும். ஸ்டோர்காரன் பின்னால் நின்று, "போட்டா அவரும் ஏறணும்ல" என்று யாரிடமோ முணுமுணுத்தான். அது பச்சை மரத்தில் அடித்த ஆணியாக லாரிக்காரர் நெஞ்சில் இறங்கிவிட்டது.

மறுநாள் வேறு இடத்திலிருந்து ஹெலிகாப்டர் வந்து மலைக்குப் போனது. அவளைக் கொண்டுவந்தது. பெட்டியில் கொண்டுவந்தது.

பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். நாலாவது மூலையில் நட்டு கை வைத்தார். லாரிக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நீ தொடாதே." ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்து அந்த மூலையைப் பிடித்தார். அவளை உயிரோடு பார்த்தே இராத மனிதர். கூடப்பிறந்தவன் வெறுங்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான்.

அதற்கப்புறம் ஒரே ஊரில் இரண்டு பேரும் இரண்டு தீவு. கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுபோவதை லாரிக்காரர் நிறுத்திவிட்டார். தலைக்குமேல் சத்தம் கேட்டால் லாரிக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

இப்போது லாரி நிறுத்துகிற இடத்துக்கு நட்டுவின் மனைவியே வந்து நின்றாள். "தம்பி, அவருக்கு நுரையீரல் போயிடுச்சு. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"எதுக்கு? நான் போய் ஊதினா சரியாயிடுமா?"

"ஊத வேணாம், தம்பி. திட்டணும்னாலும் வந்து திட்டுங்க. டீக்கடையில திட்டறது அவர் காதுக்கு எட்டல."

அவருக்குச் சுருக்கென்றது. போனார். திட்டத்தான் போனார்.

சின்ன அறை. கட்டிலைச் சன்னல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய். அத்தனை வருஷம் கழுவியும் நகத்து ஓரத்தில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. லாரிக்காரர் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏறப் பயந்துதானே நிறுத்தினே?"

நட்டு மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "பயந்தேன். எஞ்சின் நின்னாக்கூட, கீழே இருந்து வர்ற காத்துல இறக்கை சுத்திக்கிட்டே இருக்கும், மெதுவா இறக்கிடலாம். கியர்பாக்ஸ் இறுகினா இறக்கையே நின்னுடும். அப்புறம் அது கல்லு மாப்ளே." மறுபடி மூச்சை இழுத்தார். "பின்சீட்டுல நீ பெல்ட் போட்டு உக்காந்திருந்தே. வர்ற வழியில அவளும் இருந்திருப்பா."

லாரிக்காரர் அப்போதுதான் அந்தப் பெல்ட்டை நினைத்துப் பார்த்தார். ஆனாலும் பாக்கி ஒன்று இருந்தது. அத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டது.

"அப்புறம் பிரிச்சுப் பார்த்தீங்களே. உள்ளே என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"பேரிங் சுத்தம். பல்லு சுத்தம். நானே பிரிச்சேன், என் கையாலயே. அந்தச் செதில் எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல." அவர் கண் சன்னலுக்கு வெளியே இருந்தது. "பறந்திருக்கலாம், மாப்ளே. கூட்டிட்டு வந்திருக்கலாம்."

வாசல் படியில் அவர் மனைவி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அவளிடமும் அவர் அதைச் சொன்னதில்லை போலும். லாரிக்காரர் அடிக்கத்தான் கையை ஓங்கியிருப்பார், அடிக்க அங்கே உடம்பு என்று ஒன்று இருந்தால். கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பொய்யாவது சொல்லியிருக்கலாமே, மச்சான். உடைஞ்சு கிடந்துச்சுன்னு. நானும் நிம்மதியா இருந்திருப்பேன், நீங்களும் இருந்திருப்பீங்க."

மச்சான் என்ற வார்த்தை அத்தனை வருஷத்துக்கப்புறம் அதுவாக வந்துவிட்டது. நட்டு சன்னலிலிருந்து திரும்பினார்.

"சொல்லலாம்னுதான் உன் லாரி வரைக்கும் வந்தேன், ரெண்டு மூணு தடவை. மெஷினைப் பத்திப் பொய் வாயில வரல. இன்னிக்கு அதே செதிலைக் காட்டினாலும் நான் நிறுத்தத்தான் செய்வேன். அவதான் அங்கே கிடக்கறான்னு தெரிஞ்சும்."

அவர் இருமினார். லாரிக்காரர் முதுகைத் தாங்கிப் பிடித்தார். காகிதம் மாதிரி இருந்தது. இருமல் அடங்கியதும் நட்டு அந்தக் கையை விடவில்லை. அதைத் தடவித் தடவிப் பார்த்தார், ஏதோ தேய்மானம் பார்க்கிற மாதிரி. பிறகு, குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, கேட்டார்:

"என்னைக் கொண்டு போறப்ப, நாலாவது மூலையை நீ பிடி மாப்ளே. தூக்க வேணாம். சாயாம பிடிச்சுக்கிட்டா போதும்."